எட்டுக்குப் பத்து அறையில் நாற்பத்தொரு பேர்

எந்தக் காரியமும் தொடங்குகிற நாளில் அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அது பெயரெடுத்த பிறகுதான் வேடிக்கை. தொடங்கிய நாளில் அங்கே இருந்தவர்களின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகும். இப்படி ஏறி வருகிறவருக்கு முதல்நாள்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம், பேருந்துத் தடம், முடிதிருத்தும் கடை, எதை எடுத்தாலும் அதற்கென்று ஒரு முதல்நாள்காரர் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பியிருக்க வழியில்லை, அவர் விட்டிருக்கமாட்டார்.

இந்த இனத்தில் பாட்டுக் கம்பெனி முதல்நாள்காரர் தனி ரகம். ராக் கச்சேரி நடக்கிற அரங்கத்தில் அவரைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். ஒலி கூட்டிக் குறைக்கிற மேஜைக்குப் பக்கத்தில், கடைசிச் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு, ஊரெல்லாம் எழுந்து குதிக்கும்போது அசையாமல் நின்று, எல்லாரும் ஓய்ந்து உட்கார்ந்த பிறகு இரண்டே இரண்டு தட்டுத் தட்டுவார். ஊர் முழுக்க மேடைப் பெயரால் கொண்டாடுகிற பாடகரை, பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப் பெயரால் கூப்பிடுவார். புது ஆல்பம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு. "ஆனா அந்த முதல் கேசட்டுல ஒரு வெறி இருந்துச்சு பாருங்க..." அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள். "அப்பல்லாம் அந்த ரூம்ல ஒரு ஃபேன் கூடக் கிடையாது" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஃபேன் இருந்தது. பதிவு நடக்கும்போது அதன் இரைச்சல் விழும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். இதை அக்காவிடம் கேட்டால் சொல்லுவாள். எத்தனை இறக்கை, எந்த இறக்கையில் நெளிசல் என்பதுவரை சொல்லுவாள்.

அக்கா என்றால் தம்பிக்கு அக்கா. தம்பி என்றால் "இந்தப் பக்கம் மேலே" என்ற பாட்டுக் கம்பெனியைத் தொடங்கி, இருபத்தைந்து வருடமாக எந்தப் பெரிய கம்பெனிக்கும் விற்காமல் நடத்திவருகிற தம்பி. அவனைப் பற்றிப் பத்திரிகையில் வந்த துணுக்கு ஒவ்வொன்றையும் அக்கா கத்தரித்து, நான்கு ஓரமும் சமமாக இடம் விட்டு, ஒரு பெரிய நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். படித்தது எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு அட்டைப்பெட்டிப் பட்டறையில் லேபிள் ஒட்டும் வேலை. செருப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி, பொம்மைப் பெட்டி. ஒட்டுவதற்கு முன் கட்டைவிரலால் ஓரத்தை ஒரு தடவு, ஒட்டிய பின் உள்ளங்கையால் ஒரு தடவு. முப்பது வருடத்தில் அவள் ஒட்டிய லேபிள் ஒன்றாவது கோணியது என்று சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை.

கம்பெனி பிறந்ததும் அந்தப் பட்டறையில்தான். முதலாளியிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் சரக்கறையைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தவள் அக்கா. எட்டடிக்குப் பத்தடி. மூன்று சுவருக்கும் மடித்த அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். அத்தனை அட்டையும் சத்தத்தைக் குடித்துவிடும் என்பதால்தான் அந்த அறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் அம்புக்குறியும் "இந்தப் பக்கம் மேலே" என்ற எழுத்தும் கண்ணில் படும். கம்பெனிக்குப் பெயர் தேடி யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து பார்த்தார்கள், வைத்தார்கள்.

டிரம்ஸ் பாதி அறையை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் கிட்டார்காரர்கள் இரண்டு பேர், பாடகர், டேப் மெஷினோடு தம்பி. டிரம்ஸ்காரரையும் சேர்த்தால் ஐந்து பேர். ஆறாவது ஆள் நுழைந்தால் கதவு சாத்தாது. இது அக்கா அளந்து சொன்ன கணக்கு. அப்படியிருக்க, அந்த முதல் பதிவின்போது தானும் அறைக்குள் இருந்ததாக அவளிடமே நேரில் சொன்னவர்கள் இதுவரை எத்தனை பேர்? நாற்பத்தொரு பேர். ஒரு சின்ன நோட்டில் வரிசை எண் போட்டு, சொன்ன தேதி, சொன்னவரின் தொழில், இரண்டையும் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறாள். நாற்பத்தொன்றாவது எண் ஒரு பல் டாக்டர். அக்காவின் வாயைத் திறக்க வைத்துவிட்டு, அவள் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னார். அந்தப் பதிவு நடந்தபோது அவருக்கு வயது ஒன்பது.

வரிசையில் முதல் எண் ‘ஆரம்பம்’ சார்.

தொழில், கண்ணாடிக் கடை. எந்தப் பேச்சையும் "ஆரம்பத்துல..." என்று தொடங்குவதால் கம்பெனிப் பிள்ளைகள் வைத்த பெயர் அது, அவருக்கும் தெரியும், பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். நியாயத்தைச் சொல்லவேண்டும்: நாற்பத்தொரு பேரில் அன்று உண்மையிலேயே அங்கே வந்தவர் இவர் ஒருவர்தான். பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கவிடாமல் அடிக்கிறார்களே என்று பொறுக்கமுடியாமல் கீழே இறங்கிவந்து, சரக்கறைக் கதவை மூன்று முறை ஓங்கித் தட்டி, திறந்து, தலையை நீட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. பயந்துபோன டிரம்ஸ்காரர் அடுத்த நொடியே அடிக்கத் தொடங்கிவிட்டார். அந்த அடிக்குத்தான் ரசிகர்கள் இன்றைக்கும் உயிரை விடுகிறார்கள்.

திரும்பப் பதிவு செய்ய டேப் இல்லை. தட்டலும் கேள்வியும் பாட்டோடு ஒட்டிக்கொண்டன. தம்பிக்கு வெட்கம். அந்தப் பாட்டைக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் தள்ளி வைத்தான். முதல் பக்கத்துக்கு அழகான, மெதுவான, மாமனார் மாமியார் கேட்டாலும் முகம் சுளிக்காத ஒரு பாட்டு.

முந்நூறு கேசட் தயாரானது. வாங்கியவர்கள் "முதல் பக்கம்" என்று ஒட்டியிருந்த பக்கத்தைப் போட்டார்கள். டக், டக், டக். "இன்னும் எவ்வளவு நேரம்?" இடி.

பக்கங்கள் மாறியிருந்தன. ஒன்றிரண்டில் இல்லை. முந்நூறிலும். தம்பி வெலவெலத்துப்போய், கடை கடையாக ஏறிக் கேசட்டைத் திரும்ப வாங்கக் கிளம்பினான். கிளம்பிய அன்று காலை ஒரு வாரப் பத்திரிகையின் இசைப் பக்கத்தில் வந்தது: "‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று கேட்பவர் கேட்பதற்கு முன்பே தானே கேட்டுத் தொடங்கும் துணிச்சல்." தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து "இந்தப் பக்கம் மேலே" வெளியிடும் எந்த ஆல்பமும் கதவு தட்டும் சத்தத்தோடுதான் தொடங்கும். கம்பெனி இப்போது மூன்றாம் மாடியில், கண்ணாடித் தடுப்புகள் போட்ட அலுவலகத்தில் இருக்கிறது. கண்ணாடியைத் தட்டினால் சத்தம் சரிப்படவில்லை. பட்டறையின் பழைய மரக்கதவை வாங்கிவந்து, சுவரில்லாமல் தனியாக, இரும்புச் சட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதிய குழு எது வந்தாலும் முதல் வேலை, எங்கேயும் போகாத அந்தக் கதவைத் தட்டுவது.

இவ்வளவு ஆன பிறகு ‘ஆரம்பம்’ சார் சும்மா இருப்பாரா? முதல் ஐந்து வருடம், "நான்தான் தட்டினேன்" என்றார். அடுத்த ஐந்து வருடம், "தட்டினா நல்லாருக்கும்னு தம்பிகிட்ட சொன்னேன்" என்றார். அதற்கப்புறம், "பக்கத்தை மாத்தி விடுங்கய்யான்னு ஆரம்பத்துலயே சொன்னது நான்தான்" என்றார். மறுக்க ஆளில்லை. தம்பி ஏனோ எதுவும் சொல்லமாட்டான், சிரித்துவிட்டு எழுந்துபோய்விடுவான்.

இப்போதுதான் வினை வந்தது. இருபத்தைந்தாம் ஆண்டுக்கு அந்த முதல் கேசட்டைப் பெரிய இசைத்தட்டாகக் கொண்டுவரத் தம்பி முடிவு செய்தான். உள்ளே மடித்து வைக்க ஒரு தாள். அதில் கம்பெனியின் ஆரம்பக் கதை. எழுத முன்வந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க அக்காவிடம் கொடுத்தனுப்பினான் தம்பி. "ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட அக்கா கண்ணுல பட்டுரும்" என்பது அவன் கணக்கு.

புள்ளி எதுவும் விட்டுப்போகவில்லை. வேறு ஒன்று கண்ணில் பட்டது. "பக்கங்களை மாற்றிவிடும் யோசனையை அடியேன்தான் முன்வைத்தேன். அதன்படி லேபிள்களை யாரோ ஒட்டினார்கள்."

யாரோ.

அக்கா பென்சிலை எடுத்து அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டாள். அளவுகோல் வைத்துத்தான் போட்டாள். தம்பியின் பெயர் போன இந்தக் காரியத்தில் அவள் கை பட்ட இடம் அந்த ஒன்றுதான். முந்நூறு கேசட், அறுநூறு லேபிள், ஒன்றுகூடக் கோணல் இல்லை. அந்த ‘யாரோ’வை அழித்து ‘அக்கா’ என்று எழுத அரை நிமிடம் போதும். ஆனால் எழுதினால், ஒட்டியது யார் என்பதோடு மாற்றி ஒட்டியது யார் என்பதும் தெரிந்துபோகும். யோசனையாவது மண்ணாவது! அது அக்காவின் பிழை. இருபத்தைந்து வருடமாக யாருக்கும் தெரியாத பிழை. அசட்டையாக வேலை செய்கிறவர் ஒட்டியிருந்தால் பாதியாவது சரியாக அமைந்திருக்கும். முந்நூறையும் விடாமல் தப்பாக ஒட்ட, அக்காவைப்போல ஒழுங்கானவரால்தான் முடியும்.

கோப்பு மாலை நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போகவேண்டும். மூன்று மணிக்கு அக்கா கைப்பையோடு கம்பெனியின் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். தம்பி இருந்தான். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற பெண் இருந்தாள். ‘ஆரம்பம்’ சார் இருந்தார். அவர் எப்போது இல்லை?

"இந்த ‘யாரோ’வை எடுத்துடணும்" என்றாள் அக்கா.

"எடுத்துட்டு யாரைப் போடறதும்மா?" என்றார் ‘ஆரம்பம்’ சார். "பக்கத்துப் பட்டறை ஆளுங்க ரெண்டு பேரு ஒட்டினாங்க. பேரு யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"நான்தான் சார் ஒட்டினேன்."

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "நீங்களா? அன்னைக்கு நீங்க அங்க இல்லவே இல்லையேம்மா."

"ரெக்கார்டிங் அன்னைக்கு இல்ல. ஒட்டினது மூணு வாரம் கழிச்சு, எங்க வீட்டுல."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆரம்பத்துல இல்ல."

பக்கம் அமைக்கிற பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம் பேரைப் போட்டுடலாமே சார். ஒரு வரிதானே?"

"இரும்மா, இன்னும் இருக்கு" என்றாள் அக்கா. "பக்கம் மாறினது யாரோட யோசனையும் இல்ல. தப்பு. என் தப்பு."

சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் தம்பி.

"நீயா? தப்பா? சோப்பு வைக்கிற டப்பாவைக்கூட சுவருக்கு நேரா வைக்கிறவ நீ. போக்கா!"

"போன வாரம் அட்டைப்படத்துல ஒரு எழுத்து ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்குன்னாங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். "அளந்து பாத்தேன். இறங்கியிருந்துச்சு."

‘ஆரம்பம்’ சார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துவந்து, ரொம்பக் கனிவாக, நோயாளியிடம் பேசுகிறமாதிரி சொன்னார்: "வருத்தப்படாதீங்கம்மா. இதுல ஒண்ணும் வெட்கமில்ல. ஒரு விஷயம் பேரெடுத்துட்டா, நாமளும் ஆரம்பத்துல இருந்திருக்கணும்னு எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். அது இயற்கை."

அக்காவுக்குக் காது மடல் சுட்டது. நாற்பத்தொரு பேரிடம் சொல்லவேண்டும் என்று அவள் நெஞ்சுக்குள் வருடக்கணக்காக வைத்திருந்த வசனம் அது. வார்த்தை பிசகாமல் அவளிடமே திரும்பி வந்திருக்கிறது. அதுவும் யார் வாயிலிருந்து!

கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முந்நூறில் அவள் வீட்டுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது. எல்லாம் வெளியே போன பிறகு, அக்கம்பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, தம்பி சொன்ன அழகான பாட்டுக்காகக் காத்திருந்து, கதவு தட்டும் சத்தத்தைக் கேட்டு அவள் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தது அந்தக் கேசட்டைப் போட்டபோதுதான். வாசலில் யாருமில்லை. விஷயம் புரிந்தது. உடனே லேபிள் இரண்டையும் பிய்த்து, பக்கம் மாற்றி, சரியாக ஒட்டிவிட்டாள். ஒன்றையாவது திருத்தவேண்டுமே!

தம்பி அதைக் கையில் எடுத்தான். திருப்பினான். அவன் சிரிப்பு நின்றது.

"இது கோணலா இருக்கு" என்றான்.

"ஆமா."

"யாரு ஒட்டினது?"

"நான்தான்டா."

லேபிளின் ஒரு மூலை ஏறி, ஒரு மூலை இறங்கி, நடுவில் ஒரு சுருக்கம். அக்கா கையில் வந்த கோணல்! தம்பிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு பதறியிருந்தால் இப்படி ஒட்டியிருப்பாள்?

"எப்படிக்கா?"

"நீ பெட்டியில அடுக்கிக் கொண்டாந்து வெச்சுட்டு, ‘மேல தெரியறது முதல் பக்கம்’னு சொல்லிட்டுப் போனே. பெட்டியில இருந்த அம்பு கீழ பாத்துட்டு இருந்துச்சு."

"நான் பெட்டியைக் கவுத்து வெச்சா அடுக்கினேன்?"

"கவுத்துத்தான் வெச்சிருந்தே. ‘இந்தப் பக்கம் மேலே’ன்னு எழுதியிருக்கற பக்கம் கீழ இருந்தா நான் எப்படிடா வேலை செய்வேன்? மூடி ஒட்டி, நிமித்தி வெச்சேன். அந்தப் பக்கம் திறந்து, மேல தெரிஞ்சதுல ஒட்டிட்டேன்."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். "இத்தனை வருஷமா நான்தான் அடுக்கும்போது மாத்திட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அதான் சார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?"

அக்கா அவன் கையிலிருந்த கேசட்டை வாங்கி, கோணல் தெரியாதபடி குப்புற வைத்தாள்.

இதோடு ‘ஆரம்பம்’ சார் அடங்கிவிட்டார் என்று நினைத்தால், உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. அவர் பத்து விநாடி கூரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"சரி. நான் அன்னைக்குத் தட்டியிருக்கலன்னா, நீங்க மாத்தி ஒட்டி என்ன ஆயிருக்கும்?"

"நீங்க நிறுத்தச் சொல்லித் தட்டினீங்க சார். அடுத்த ஞாயித்துக்கிழமை மாடிப்படியில என்னை மறிச்சு, ‘உங்க தம்பிக்கு வேற இடமே கிடைக்கலியா’ன்னு கேட்டீங்க."

"படியில கேட்டது வேற. டேப்புல என்ன இருக்கு? ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ நிறுத்துன்னு ஒரு வார்த்தை இருக்கா? போட்டுக் கேளுங்க."

போட்டுக் கேட்க வேண்டியதில்லை. இல்லை. அந்தக் கேள்வியில் இருப்பது எரிச்சலா ஆவலா என்று இருபத்தைந்து வருடமாக ரசிகர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள்.

மணி மூன்றே கால். இரண்டு வரி எழுதுவதென்று முடிவாயிற்று. "கதவைத் தட்டியவர்: மாடி வீட்டுக்காரர்." "லேபிள்களைப் பக்கம் மாற்றி ஒட்டியவர்: அக்கா." எந்த வரி மேலே?

"தட்டினது முன்னாடி, ஒட்டினது பின்னாடி. ஆரம்பம்னா ஆரம்பம்தான்" என்றார் அவர்.

"நான் ஒட்டலன்னா நீங்க ரெண்டாம் பக்கத்துல யாரும் கேக்காமக் கிடந்திருப்பீங்க" என்றாள் அக்கா.

இருபத்தைந்து வருடம் யாருக்கும் தெரியக்கூடாது என்று பொத்தி வைத்திருந்த பிழைக்கு முதலிடம் கேட்டு அவள் மேஜையைத் தட்டியதை, தம்பி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, பக்கம் அமைக்கிற பெண் இரண்டு பேரையும் கையமர்த்தினாள். தாளின் ஒரு பக்கத்தில் மாடி வீட்டுக்காரர் கதை. பின்பக்கத்தில் அக்கா கதை. இரண்டு பக்கத்திலும் மேலே ஓர் அம்புக்குறி, "இந்தப் பக்கம் மேலே." இரண்டு பேரும் தத்தம் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள். அக்கா மட்டும் தன் வரியோடு இன்னும் ஐந்து சொல் சேர்க்கச் சொன்னாள்: "ஒன்றைத் தவிர எதுவும் கோணல் இல்லை."

வெளியீட்டு நாளில் அரங்கம் நிறைந்து வழிந்தது. தம்பி முதல் வரிசையில் அக்காவுக்கு நாற்காலி போட்டு, அதன்மேல் கைக்குட்டையும் போட்டு வைத்திருந்தான். அக்காவைக் காணோம். தேடிக்கொண்டு போனவனுக்கு அவள் அகப்பட்ட இடம் கடைசிச் சுவர். ஒலி மேஜைக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் ‘ஆரம்பம்’ சார். இன்னொரு பக்கம், தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பித்துப் போக வழி தெரியாத ஒரு கல்லூரிப் பெண்.

"ஃபேன் இருந்துச்சும்மா" என்று அக்கா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நிறுத்தி வெச்சிருந்தோம்."

வெச்சிருந்தோம்! தம்பிக்குக் காதில் நன்றாக விழுந்தது. அவன் முதல் வரிசைக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்துக்கொண்டான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கூடவே கொஞ்சம் யோசித்தும் பாருங்கள். இன்று ஊரே வரிசையில் நிற்கிற கடையைப் பற்றிப் பேச்சு வந்தால், அது நாலு பெஞ்சு போட்ட கொட்டகையாக இருந்தபோதே தான் போனதாக இடையில் புகுந்து சொல்வது யார்? பெயரெடுத்த டாக்டரை, "அவனா, என்னோட ஒண்ணா டியூஷன் படிச்சவன்தான்" என்பது யார்? அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்தவரை லிஃப்டில் நிறுத்தி, இந்த இடத்தில் வெறும் புதர் இருந்த நாளிலிருந்து தொடங்குவது யார்? இல்லை, அது நீங்களாக இருக்காது. உங்கள் வீட்டில் வேறு யாராவதாக இருக்கும்.

ஆனால் இந்த இசைத்தட்டு நாளைக்கு இன்னும் பேரெடுக்கும்போது, அந்த அறையைப் பற்றி நாலு பேர் பேசினால், வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். அறையின் நீளம், அகலம், ஃபேன், அட்டைப்பெட்டி எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அங்கேயே இருந்தவர்போல நாக்கு துறுதுறுக்கும். அக்காவின் நோட்டில் நாற்பத்திரண்டாவது எண்ணுக்கு நேரே "லேபிள் ஒட்டுபவர்" என்று அவள் கையாலேயே எழுதியிருக்கிறது. நாற்பத்துமூன்றாவது வரி காலியாக இருக்கிறது. பென்சிலும் சீவித்தான் இருக்கிறது.